ஒன்றரை நொடி பிந்திய ஆமா

1

இந்தக் கதை அக்காவின் அறைக்கதவு சரியாகச் சாத்தாததால் கிடைத்தது. வீட்டில் காதில் விழுந்த ஒரு வாக்கியத்தை வைத்துக் கதை எழுதும்படி மாலை வகுப்பில் சொன்னார்கள். என் காதில் விழுந்தது இது: "நான் தயங்கல சார், சத்தம்தான் லேட்டா வருது."

முதல் தொடக்கம்: [மெய்நிகர் மேசைக்கணினி என்பது யாதெனில்] பாடப்புத்தகம். அடித்தேன்.

இரண்டாவது: [மழை விடாமல் பெய்துகொண்டிருந்த அன்று] பெய்யவில்லை. அடித்தேன்.

மூன்றாவதை அப்படியே வைக்கிறேன். அக்கா வீட்டிலிருந்து வேலை செய்கிறாள். அவள் மேசையில் இருப்பது ஒரு திரையும் சின்னப் பெட்டியும்தான். அவள் வேலை செய்யும் கணினி, அலுவலகத்தின் சர்வர் அறையில் இருக்கிறது. அவள் முகமும் குரலும் முதலில் அந்த அறைக்குப் போய், பிறகுதான் கூட்டத்துக்குப் போய்ச் சேரும். ஒன்றரை நொடி தாமதம்.

2

போன மாதக் கூட்டத்தில் மேலாளர் கேட்டார்: "வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் வந்துடும்ல?"

"ஆமா சார்" என்றாள் அக்கா, உடனே.

அது போய்ச் சேர்வதற்குள் அவர் அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டார்: "இல்ல, ஏதாவது கஷ்டமா இருக்கா?"

முதல் கேள்விக்கான ஆமா இந்தக் கேள்வியின் மேல் போய் விழுந்தது.

அக்கா தற்காலிகக் குழுத் தலைவி. அவளைப் பற்றிய குறிப்பில் மேலாளர் எழுதினார்: 'தயங்குகிறார்.' பதவி நிலைக்குமா என்பது புதன்கிழமைக் கூட்டத்தில் தெரிந்துவிடும்.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: மேலாளரை வில்லனாக்கிப் பார்த்தேன். மீசைகூட வைத்தேன். ஒட்டவில்லை. தன் காதில் விழுந்ததைத்தான் அவர் எழுதினார்.)

3

அலுவலகத்தின் கணினி உதவி மையத்தில் இருப்பவருக்கு அக்கா வைத்த பெயர் 'பிளக்கு'. செவ்வாய்க்கிழமை காலை அவரைப் பிடித்துவிட்டாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"பிளக்கப் புடுங்கிச் செருகிப் பாத்தீங்களா மேடம்?"

"மூணு மாசமா அதத்தான் செய்றேன். பிளக்குக்கே என் கை பழகிப்போச்சு."

"சரி. மீட்டிங் செட்டிங்ஸ்ல கீழ என்ன போட்டிருக்கு?"

"'ஆப்டிமைஸ் ஆகவில்லை'ன்னு."

"குரல் சுத்தி வளச்சுப் போகுதுன்னு அர்த்தம். இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"கேட்டாத்தானே சொல்ல?"

அவர் தன் இடத்திலிருந்தபடியே அக்காவின் சின்னப் பெட்டியில் ஒரு சின்னத் துணை மென்பொருளை ஏற்றினார். இனி வேலை மட்டும் சர்வர் அறையில் நடக்கும். முகமும் குரலும் இந்த மேசையிலிருந்து நேராகக் கூட்டத்துக்குப் போகும். இருவரும் ஒரு கூட்டத்தைத் திறந்து பேசிப் பார்த்தார்கள்.

"மேடம், நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ளயே திட்டுறீங்க."

"அப்ப சரியாயிடுச்சு."

(இவ்வளவு தொழில்நுட்பம் கதைக்குத் தேவையா என்று வகுப்பில் கேட்பார்கள். எனக்கும் சந்தேகம் இருந்தது, இப்போது இல்லை. அக்காவின் வேலையே அந்த ஒன்றரை நொடிக்குள்தான் மாட்டிக்கொண்டிருந்தது.)

4

முடிவு அ: [கண்கள் கலங்க மேலாளர் மன்னிப்பு] கூட்டத்தில் யார் அழுவார்கள்?

முடிவு ஆ: அக்கா பொரிந்து தள்ளுகிறாள். படித்தால் அவளே சிரிப்பாள்.

நடந்தது இது. புதன், காலை பதினொரு மணி. கேள்வி வந்த சூட்டில் பதில் போனது. யாரும் "கேக்குதா?" என்று கேட்கவில்லை. மேலாளர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்.

"லைன் செஞ்ச வேலைன்னு இப்ப புரியுது. அந்தக் குறிப்ப எடுத்துடறேன். கடைசியா ஒண்ணு. இருக்கிற ஆளுங்கள வெச்சே அடுத்த மாசம் முழு வேலையும் முடிச்சுடுவீங்களா? முடியும்னா குழு உங்களோடது."

ஆள் பற்றாது என்று அக்காவுக்குத் தெரியும். 'முடியும்' என்ற சொல்லுக்குத்தான் பதவி என்பதும் தெரியும்.

அவள் பேசவில்லை. கதவருகில் நின்று எண்ணினேன்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. திரையில் எல்லா முகங்களும் அசைந்துகொண்டிருந்தன. இந்த மௌனத்தை எந்தச் சர்வர் தலையிலும் கட்ட முடியாது.

ஐந்தில் அவள் பதில் சொன்னாள். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும், ஆனால் எழுத மாட்டேன். அக்காவின் நாற்காலியை உங்கள் பக்கம் தள்ளுகிறேன், உட்காருங்கள். நீங்கள் சொல்வது சொன்ன நொடியிலேயே அவர்களுக்குக் கேட்கும்.