மாத்தூரில் ஏறுகிறவள்

பிளெஸ்ஸியை எனக்குப் பிடிக்காது. அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை. அதனாலேயே இன்னும் கொஞ்சம் பிடிக்காது.

திருச்சியில் ஆஸ்பத்திரிகளுக்கு சாஃப்ட்வேர் செய்துகொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் நாங்கள் இருவரும் டெவலப்பர்கள். நான் வந்து ஒன்பது வருடம், அவள் வந்து எட்டு மாதம். நான் கீரனூரில் ஏறும் அதே பஸ்ஸில், ஆவூர்க்காரியான அவள் மாத்தூரில் ஏறுவாள். "இந்தப் பேக்கக் கொஞ்சம் புடிங்கக்கா" என்று நீட்டுவாள். வாங்கி மடியில் வைத்துக்கொள்வேன். பேசமாட்டேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சீனியரிடம் சந்தேகம் கேட்டேன். "கூகுள்ல பாரும்மா, எனக்கு வேலையிருக்கு" என்றான். அன்றைக்கு பாத்ரூமில் போய் அழுதேன். பிறகு முட்டி மோதி நானே கற்றேன். ரத்தப் பரிசோதனை மெஷின் தரும் எண்களை வாங்கி, சரிபார்த்து, ரிப்போர்ட்டாக அச்சிடும் பகுதி முழுவதும் நான் ஒருத்தி எழுதியது. அப்படிக் கற்றதை வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் வாரிக் கொடுக்க எனக்கென்ன தலையெழுத்து? யாருக்கும் புரியக்கூடாது என்றே எழுதினேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் என் பஸ் நிற்கும் ஊர்களைப் பெயராக வைத்தேன். எண் உள்ளே வருவது கீரனூர். அளவு சரிதானா என்று பார்ப்பது களமாவூர். நோயாளி பெயரோடு சேர்ப்பது மாத்தூர். வரிசையில் காத்திருப்பது குண்டூர். அச்சாகி வெளியே வருவது டோல்கேட். ஒரு வரி விளக்கம் கிடையாது. ஆபீஸில் மற்றவர்களெல்லாம் உறையூர், ஸ்ரீரங்கம் பக்கம்; இந்த ரோடு தெரியாதவர்கள். திறந்து பார்த்துவிட்டுப் பேசாமல் மூடிவிடுவார்கள். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பிளெஸ்ஸி மட்டும் விடவில்லை. "அக்கா, இந்த மாத்தூர் என்னங்க செய்யுது?" என்று வந்து நின்றாள்.

"படிச்சுப் பாரு."

"படிச்சேங்க்கா, புரியல."

"அப்ப இன்னொருக்கா படி."

அவள் எழுதும் கோடிங்கைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டியவளும் நான்தான். ஒரே வேலையை ஆறு தடவை திருப்பி அனுப்பினேன். 'சரியில்லை' என்று மட்டும் எழுதுவேன், எது சரியில்லை என்று சொல்லமாட்டேன். ஒருநாள் பாத்ரூமிலிருந்து கண் சிவந்து வந்தாள். எனக்கு மனது இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. நான் பட்டதை இவளும் படட்டும் என்றுதான் தோன்றியது.

போன மாதம் கம்பெனிக்குப் புதிய பிராஜெக்ட் ஒன்று வந்தது. அதற்கு டீம் லீட் வேண்டும். ஒன்பது வருடமாக நான் கண்வைத்திருந்த பதவி. புதன்கிழமை மேனேஜர் வசந்தகுமார் கூப்பிட்டார்.

"ஒங்களத்தான் போடணும்னு எனக்கும் ஆசை பவுசியா. ஆனா ஒங்கள அங்கிட்டு அனுப்பிட்டா லேப் ரிப்போர்ட்ட யாரு பாக்குறது? நீங்க ரெண்டு நாள் லீவு போட்டாலே ஆஸ்பத்திரிக்காரங்க போன் மேல போன் போடுறாங்க. வேற ஒருத்தருக்கும் அது புரியலையே."

யாருக்கும் புரியாததால்தான் என்னை அசைக்க முடியாது என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அதையே அவர் காரணமாகச் சொல்கிறார்.

"வெள்ளிக்கெழமைக்குள்ள யாராச்சும் ஒருத்தர், 'எனக்குத் தெரியும், நான் பாத்துக்கிறேன்'னு வந்து சொல்லட்டும். அன்னிக்கே ஒங்களுக்கு ஆர்டர். இல்லாட்டி வெளியாளத்தான் எடுக்கணும்."

அன்று சாயங்காலம் திரும்பும் பஸ்ஸில் முதல்தடவையாக அவளுக்கு இடம் பிடித்து வைத்தேன்.

"ஏன் அங்கிட்டு நிக்கிற? இங்கிட்டு வா" என்றேன். வந்து உட்கார்ந்தாள். பேக்கையும் நானே வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். மேனேஜர் சொன்னதைச் சொன்னேன். "ரெண்டு நாள்ல எல்லாத்தையும் சொல்லித்தாரேன் பிளெஸ்ஸி. நீ போய் தெரியும்னு ஒரு வார்த்த சொல்லு" என்றேன். கெஞ்சியதாகத்தான் சொல்ல வேண்டும்.

"நீங்க சொல்லித்தர வேணாங்க்கா. எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"கீரனூர்ல உள்ள வருது, டோல்கேட்ல அச்சாவுது. அவசர ரிப்போர்ட்டு மட்டும் குண்டூர்ல நிக்காமப் போயிருது, பாயிண்ட் டு பாயிண்ட் பஸ் மாதிரி. நானும் இதே ரோட்டுலதானங்க்கா தெனம் வாரேன்? மூணு மாசமாவே தெரியும்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அப்ப நாளைக்கே சொல்லிரு."

"சொல்லமாட்டேங்க்கா. சார் கேட்டா தெரியாதுன்னுதான் சொல்லுவேன்."

"ஏண்டி?"

"தெரியும்னு சொன்னா நீங்க மேல போயிருவீங்க. அந்தக் கோடிங் எந்தலையில விழும். அப்புறம் நானும் ஒங்களமாதிரியே ஒம்பது வருசம் அதுக்குள்ளயே கெடக்கணும்." குரலை உயர்த்தவே இல்லை. "தெரிஞ்சத வெளிய சொல்லக்கூடாதுன்னு நீங்கதானங்க்கா பழக்குனீங்க. அந்த ஒண்ணுதான் ஒங்ககிட்ட கத்துக்கிட்டேன்."

மாத்தூர் வந்தது. என் மடியிலிருந்த பேக்கை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். கீரனூர்வரை பக்கத்து சீட் காலியாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை வசந்தகுமார் எல்லோரையும் நிற்கவைத்துக் கேட்டார். அவள் முறை வந்தது. "புரியலங்க சார். அக்காவுக்கு மட்டுந்தான் தெரியும்" என்றாள். இவள் பொய் சொல்கிறாள் என்று கத்தலாம் போலிருந்தது. கத்தினால், சொல்லிக்கொடுத்தீர்களா என்று கேட்பார். அவள் என்னிடம் கேட்டதையும் நான் விரட்டியதையும் அங்கே நின்ற எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் இருக்கும்போதே, டீம் லீடாக சென்னையிலிருந்து யாரோ ஒருவர் வருவதாக மெயில் வந்தது. படித்து முடிப்பதற்குள் மாத்தூர் வந்துவிட்டது. பிளெஸ்ஸி ஏறினாள்.

"இந்தப் பேக்கக் கொஞ்சம் புடிங்கக்கா" என்றாள்.

வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.