பெரிய பங்கு

தம்பிக்குச் சிறுநீரகம் கொடுப்பதென்று அக்கா முடிவெடுக்க ஆன நேரம், சிக்னலில் சிவப்பு மாறிப் பச்சை விழும் நேரம்கூட இல்லை. அவள் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, காலடியில் தனக்கென்று ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். தம்பி மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். அவனுடைய இரண்டு சிறுநீரகங்களும் கையை விரித்துவிட, நாள்விட்டு நாள் டயாலிசிஸ் மெஷினோடு படுத்துக் கிடந்தான். தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். தாகம் தாங்காவிட்டால் ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொள்வான். அப்படி அவன் ஐஸைச் சப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்த அன்றைக்குத்தான், "என்னோடதுல ஒண்ணை எடுத்து இவனுக்கு வைங்க" என்று அக்கா டாக்டரிடம் சொன்னாள்.

சொன்னால் ஆயிற்றா? காசுக்கு உறுப்பு விற்கிற கூட்டம் இருப்பதால், கொடுப்பவரும் வாங்குபவரும் உண்மையிலேயே உறவுதானா என்று மூன்று பேர் கொண்ட குழு நேரில் விசாரிக்கும். அவர்கள் தலையசைத்தால்தான் அறுவை சிகிச்சை. இல்லாவிட்டால் தம்பிக்கு மெஷினே கதி. போதாக்குறைக்கு ஒரு வில்லங்கம் வேறு. ரத்த வகை சேர்ந்துவிட்டது. திசுப் பொருத்தம் துளிகூட இல்லை. கூடப்பிறந்தவர்களுக்குள் அப்படி அமைவது உண்டு, மருந்தால் சமாளிக்கலாம் என்று டாக்டர் தைரியம் சொன்னார். ஆனால் அக்கா நெட்டை, தம்பி உருண்டை. முகஜாடையும் கிடையாது. பார்க்கிறவர்கள் நம்ப வேண்டுமே!

அதிகம் பயந்தது அக்காவின் கணவர்தான். மனிதர் தன் நிழலுக்கே வழிவிட்டு ஒதுங்குகிற ரகம். விசாரணைக்கு முன்னால் இருவரையும் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார்.

"அங்க போய் உங்க சண்டையை ஆரம்பிச்சுடாதீங்க. டேய், பிரேக்கு, சோடாபுட்டி, எதுவும் வாயில வரக்கூடாது. மரியாதையா, பாசமா பேசணும். புரியுதா?"

தம்பி அவளை 'பிரேக்கு' என்றுதான் கூப்பிடுவான். அவன் போட்டிருக்கும் தடிக் கண்ணாடிக்காக அவள் அவனுக்கு வைத்த பெயர் 'சோடாபுட்டி'. 'அக்கா' என்று அவன் கடைசியாகக் கூப்பிட்டது பால்பல் விழுவதற்கு முன்னால் இருக்கும்.

நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் தலைவி, ஒரு பக்கம் வக்கீல், மறுபக்கம் ஒரு டாக்டர். தலைவியின் கண்ணாடி இடது பக்கம் சரிந்திருந்தது. அதைச் சரிசெய்யத் தம்பியின் விரல்கள் துறுதுறுத்தன.

"நீங்க முதல்ல உட்காருங்க அக்கா," என்றான்.

"பரவாயில்லை தம்பி, நீங்க உட்காருங்க," என்றாள் அவள்.

தலைவி நிமிர்ந்து பார்த்தார். "இவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"என் அன்புச் சகோதரர்ங்க."

"சின்ன வயசுல சண்டை போட்டிருக்கீங்களா?"

"ஒரு நாளும் இல்லைங்க," என்றார்கள் இருவரும், ஒப்பிக்கிற மாதிரி.

வக்கீல் டாக்டரைப் பார்த்தார். தலைவி பேனாவை மூடி வைத்தார். "எனக்கும் ஒரு தம்பி இருக்கான்மா. இன்னிக்கு வரைக்கும் என்னை 'நீங்க'ன்னு கூப்பிட்டதில்லை. எனக்கென்னவோ நீங்க ரெண்டு பேரும் போன வாரம்தான் சந்திச்ச மாதிரி இருக்கு."

அக்கா பிறப்புச் சான்றிதழ்களை எடுத்து நீட்டினாள். காகிதத்தை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்றார் வக்கீல். அவள் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. மிதிக்க ஒரு பிரேக்கும் காலடியில் இல்லை.

"எதுக்கும் இதைச் சொல்லிடறேன்," என்றார் குழுவில் இருந்த டாக்டர், அக்காவின் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் புரட்டியபடி. "உங்க வலது சிறுநீரகம் கொஞ்சம் கூடுதலா வேலை செய்யுது, இடது குறைவு. நல்லதைக் கொடுக்கிறவங்ககிட்டயே விட்டுடுவோம். அதான் வழக்கம். இவருக்கு இடதுதான் போகும்."

"அதெல்லாம் முடியாது. நல்லதை அவனுக்கு வைங்க."

"பிரேக்கு, சும்மா இரு! அவர் சொல்றாருல்ல?" தம்பிக்குக் கட்டுப்பாடு போய்விட்டது.

"நீ மூடுடா சோடாபுட்டி! ஓட்டை வண்டிக்குப் பழுதான எஞ்சினையா மாட்டுவாங்க?"

"சாக்லேட்டைச் சரிபாதியா உடைக்கிறேன்னு சொல்லி, எப்பவும் பெரிய பாதியைத் தூக்கிட்டு ஓடுவியே! அப்ப எங்க போச்சு இந்தப் பெரிய மனசு? இன்னிக்கு நானே 'நல்லதை நீயே வெச்சுக்கோ'ன்னா மட்டும் கசக்குதா?"

"அதுக்குத்தான் என் கையைக் கடிச்சு வெச்சியே!" அவள் சட்டைக் கையைச் சுருட்டி மேஜைமேல் முழங்கையை வைத்தாள். "பாருங்க மேடம், பல் பதிஞ்ச தழும்பு!"

"கடிப்பேன், இன்னும் கடிப்பேன்! நல்லதை எனக்குக் குடுத்துட்டு நாளைக்கு உனக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, நான் யார்கூட சண்டை போடறது?"

கடைசி வார்த்தையில் அவன் குரல் உடைந்துவிட்டது. அக்கா சுருட்டிய சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள். கதவுக்கு வெளியே அவள் கணவர் எல்லாம் போச்சென்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

தலைவி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கூடப்பிறந்ததுங்கதான். சந்தேகமே இல்லை. எனக்குத் தலை வலிக்குது, கையெழுத்துப் போட்டுடறேன். ஆனா நல்லது அக்காகிட்டதான் இருக்கும். அதுல பேச்சே கிடையாது."

"அந்தக் கண்ணாடியை ஒரு நிமிஷம் கொடுங்க மேடம்," என்றான் தம்பி. "வந்ததுலேர்ந்து கண்ணை உறுத்துது."

புதிய சிறுநீரகத்தை அடிவயிற்றில் முன்பக்கமாக வைத்தார்கள். ஓய்ந்துபோன பழைய இரண்டையும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டார்கள். ரத்தம் பாய்ந்ததுமே அது வேலையைத் தொடங்கிவிட்டதாம். அக்காவின் பொருளாயிற்றே, சும்மா கிடக்குமா?

தையல் இழுக்க இழுக்க, சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் அவன் அறைக்கு வந்தாள். கட்டிலோரம் தொங்கிய பையில் சிறுநீர் சேர்ந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருக்கலாம் போல அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"எனக்குள்ள இப்ப மூணு, உனக்குள்ள ஒண்ணு," என்றான் தம்பி. "இப்பச் சொல்லு, பெரிய பங்கு யாருக்கு?"

"பேச்சைக் குறைடா. நிறையத் தண்ணி குடிக்கணும்னு நர்ஸ் சொன்னாங்களா இல்லையா?"

ஜக்கிலிருந்து இரண்டு டம்ளரில் ஊற்றினாள். பழக்க தோஷம், அவள் கை தண்ணீர் கூடுதலாக இருந்த டம்ளருக்கே போனது. அதை அவன் பக்கம் தள்ளிவிட்டாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தான். பிறகு அவளுடைய டம்ளரைப் பார்த்துக் கை நீட்டினான்.

"அதையும் குடு, அக்கா."

கொடுத்துவிட்டாள். "தையல் வலிக்குதுடா" என்று சொல்லிக்கொண்டு, அவன் குடித்து முடிக்கும்வரை அழுதாள்.