வேல்விழியின் கடவுத்தொடர்

1

இந்தக் கதையைப் பென்னலூரில் டில்லிபாபுவின் செல்போன் கடையில் பொறுக்கினேன். என் லேப்டாப்பைப் பிரித்துக்கொண்டே, வேறொருவர் லேப்டாப்புக்கு நேர்ந்ததைச் சொன்னான். பாதி அவன் சொன்னது. மீதி நான் இட்டுக்கட்டியது. எது எந்தப் பாதி என்று கேட்காதீர்கள், எனக்கே இப்போது பிரிக்க வரவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஒரகடத்தின் புகைபோக்கிகளுக்கு மேல் சூரியன்..."

நிறுத்திவிட்டேன். வனமாமலை அன்று சூரியனைப் பார்க்கவில்லை. கையில் பிடுங்கி வைத்திருந்த பிளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

2

வனமாமலை நாங்குநேரிக்காரன். இருங்காட்டுக்கோட்டையில் கார் கதவுகளுக்கு ரப்பர் பொருத்தும் லைனில் வேலை. மனைவி வேல்விழி இந்தப் பக்கத்துப் பெண். ஒரகடத்து எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவு. காதலித்துக் கட்டிக்கொண்டவர்கள். அவள் அஞ்சல்வழியில் பட்டம் படிக்கிறாள். அதற்கான ப்ராஜெக்ட் முழுக்க ஒரு பழைய லேப்டாப்பில் இருந்தது. லினக்ஸ் சிஸ்டம் போட்டபோதே டிஸ்க்கைப் பூட்டி, திறக்க ஒரு கடவுத்தொடரும் வைத்திருந்தாள். அது இல்லாமல் உள்ளே இருப்பதை யாராலும் படிக்க முடியாது.

அன்று அவனுக்கு வார விடுமுறை. அவள் அப்டேட்டை ஓடவிட்டுவிட்டு ஷிப்டுக்குப் போனாள். அவன் தன் போனுக்கு சார்ஜ் போட லேப்டாப்பின் பிளக்கைப் பிடுங்கினான். பேட்டரி செத்துப்போன லேப்டாப். பாதி அப்டேட்டில் திரை கறுத்தது, மறுபடி செருகியும் எழவே இல்லை.

3

வனமாமலை கடைக்கு ஓடினான். டில்லிபாபு சிஸ்டத்தைப் புதிதாக நிறுவ ஒரு பென்டிரைவ் கொடுத்தான். "அந்த பாஸ்வேர்டு ஃபிரேஸ் தெரிஞ்சா சிஸ்டத்த மட்டும் புச்சா போட்டுக்கலாம் மாமே, ஃபைலெல்லாம் அப்டியே இருக்கும். தெரிலன்னா மொத்தமா அழிச்சுட்டுதான் போடணும்."

"எம் பொண்டாட்டி பாஸ்வேர்டு எனக்குத் தெரியாதா?"

தெரியவில்லை. தன் பெயரை அடித்தான். தவறு என்றது. கல்யாண நாள். தவறு. மாமியார் தாயாரம்மாள். தவறு. இருவரும் முதலில் பேசிக்கொண்ட இடம், வாலாஜாபாத். தவறு.

[இங்கே ஒரு பழைய காதலனின் பெயரை நுழைக்க என் கை பரபரத்தது. கோபால் என்று எழுதியும் விட்டேன். மலிவாகத் தெரிந்தது, கோடு போட்டு அடித்துவிட்டேன். வனமாமலையால் அந்தச் சந்தேகத்தை அப்படி அடித்துவிட முடியவில்லை.]

மதியம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவன் 'முழுவதையும் அழித்து நிறுவு' என்பதைத் தேர்ந்தெடுத்தான். உறுதிதானா என்று திரை கேட்டது. கரண்டு மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று நினைத்தான்.

4

[அழித்துவிட்டான் என்றொரு முடிவு எழுதினேன். அதில் வேல்விழி தேம்பித் தேம்பி அழுதாள். டில்லிபாபு சொன்ன வேல்விழி அப்படிப்பட்ட ஆளே இல்லை. கிழித்துப்போட்டேன்.]

கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவள் வாசலிலேயே நின்றாள்.

"இன்னா பண்ணிகினு கீறே?"

"லேப்டாப்பு செத்துட்டு. பிளக்க நான்தான் பிடுங்குனேன்."

அவள் திரையைப் படித்தாள். "எல்லாத்தையும் அழிக்கப் போறியா?"

"அது கேக்கு. நான் இன்னும் பதில் சொல்லல."

"இன்னா சொல்லலாம்னு இருந்தே?"

"என்னென்னமோ போட்டுப் பாத்துட்டேன். எம் பேரு கூட இல்லையே, ஏட்டி."

"உம் பேரு வெச்சா நீதான மொதல்ல கண்டுபுடிப்பே." அவள் சிரிக்கவில்லை. "உள்ள ஒண்ணும் திருட்டுத்தனம் இல்லபா. இந்த வூட்ல இருக்கறதே ஒரு ரூமு. கதவ சாத்திக்க எனுக்குன்னு எங்க கீது எடம்? அதான் அது."

அவன் எழுந்து இடம் விட்டான். அவள் தொடரை அடித்தபோது, யாரும் சொல்லாமலே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். டிஸ்க் திறந்தது. ப்ராஜெக்ட் பத்திரமாக இருந்தது. அவன் ஒவ்வொரு கட்டத்தையும் அவளிடம் கேட்டுக் கேட்டு சிஸ்டத்தை மட்டும் புதிதாக நிறுவினான்.

5

லாகினுக்குப் புது பாஸ்வேர்டு கேட்டது. இது டிஸ்க்கின் பூட்டு அல்ல, வேறு.

"இத நீ வை," என்றாள் வேல்விழி.

"என்னத்த வைக்க?"

"உனுக்கு தோணுறத. ஆனா எனுக்கு சொல்லிடணும். நான்தான டெய்லி அடிக்கணும்?"

"இதென்ன நியாயம்?" என்றபடி விரல்களைக் கீபோர்டில் வைத்தான்.

இந்த இடத்தில் டில்லிபாபு வேறு வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டான். திரும்பி வந்து என் பில்லைத்தான் நீட்டினான்.

நானே முயன்றேன். மன்னிப்பு கேட்கும் சொல்லை வைத்தேன். தினமும் காலையில் அதை அடித்தால் பத்தாம் நாள் எரிச்சல்தான் வரும். அவள் பெயரை வைத்தேன். வேறொன்றும் தோன்றாதவன் போல் இருந்தது. ஒரு கேலிச் சொல்லை வைத்தேன்; அதற்கு இன்னும் கொஞ்சம் நாள் போக வேண்டும்.

கட்டம் காலியாகவே இருக்கிறது. நீங்கள் அடித்துப் பாருங்கள். அவசரமில்லை. ஆனால் எதை அடித்தாலும் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். அவள் பக்கத்திலேயே நிற்கிறாள்.