நாலு விரல் உயரம்

எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு லாரி நிற்கிறது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். வந்து பார்த்தவர்களோ என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். மூக்கு நீண்ட பழைய காலத்துக் கனரக லாரி. என் வீட்டுக்காரர் வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டியவர். மற்ற ஆண்கள் வேலையை விட்டதும் பேப்பர் படிப்பார்கள். இவர் காயலான் கடையிலிருந்து இந்தப் பிணத்தை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். "யானையைக் கட்டித் தீனி போடற கதைதான்" என்று நான் கத்தாத நாள் கிடையாது. கத்திக்கொண்டேதான் துருவைச் சுரண்டினேன், சீட்டுக்கு உறையும் தைத்தேன்.

நடுவில் கண் டாக்டர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். இவருக்கு ஓரப்பார்வை சுருங்கிக்கொண்டே வருகிறதாம்.

"இந்த மாசம் வரைக்கும் பகல்ல ஓட்டிக்கலாம். பக்கவாட்டுல தெரியலன்னா அன்னிக்கே நிறுத்திடணும். அதுக்கப்புறம் ஸ்டியரிங்கையே தொடக் கூடாது."

வீட்டுக்கு வந்ததும் சுத்தியல் சத்தம் இரண்டு மடங்கானது. பார்வை போவதற்குள் அந்த லாரியை ஒரே ஒரு தடவை தன் கையால் நெடுஞ்சாலையில் ஓட்டிவிட வேண்டும். வேறு ஆசையே இல்லை அந்த மனுஷருக்கு.

மாதக் கடைசிக்கு முந்தின நாள் காலையில் இன்ஜின் உறுமியது. எனக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாசல் வரைக்கும் வந்த வண்டி அங்கேயே நின்றது. எங்கள் வாசலுக்கு மேலேதான் மாடி அறை இருக்கிறது. கேபினுக்குப் பின்னால் உயர்ந்து நிற்கும் லோடு பெட்டியின் முன்பலகை அந்த அறையின் உத்தரத்தில் இடித்தது.

"வரும்போது வந்துச்சேங்க!"

"வரும்போது ஸ்பிரிங் பட்டையெல்லாம் செத்துக் கிடந்துச்சு. இப்ப புதுசு போட்டிருக்கோம்ல, வண்டி நிமிர்ந்துடுச்சு."

ஆக, வாசலை அளந்தது பட்டையை மாற்றுவதற்கு முன்னால்! லாரியிலேயே தலை நரைத்தவர் செய்கிற காரியமா இது? வாய்க்கு வந்தபடி திட்டினேன். டயரில் காற்றைக் குறைத்துப் பார்த்தார். அப்படியும் நாலு விரல் உயரம் இடித்தது. அந்தப் பலகையும் இரும்பு, சட்டத்தோடு வெல்டிங் வைத்தது. அறுத்து ஒட்ட வேண்டுமென்றால் மாதம் போய்விடும்.

"வெறும் வண்டி, அதான் எம்பி நிக்குது. லோடு இருந்தா இறங்கிடும்" என்றார். பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "விடும்மா. நமக்குக் கொடுத்து வைக்கல."

இவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். அங்கே இருப்பவர் ஒரு டீச்சர். சுத்தியல் சத்தத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த முடியவில்லை என்று சண்டைக்கு வந்தவர். 'காதுல பஞ்சு வச்சுக்குங்க' என்று நான் சொன்னதிலிருந்து எங்களுக்குள் பேச்சு வார்த்தை இல்லை.

"டீச்சர், உங்க வெயிட்டு கொஞ்சம் வேணும்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்னக்கா, கிண்டலா?"

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். டாக்டர் சொன்னது, நாளையோடு மாதம் முடிவது, எல்லாவற்றையும் கொட்டினேன். டீச்சர் கதவைச் சாத்திவிட்டு என்னோடு இறங்கினார். "எத்தனை பேரு வேணும்?" என்று கேட்டபடியே பக்கத்து வீட்டு மணியை அழுத்தினார்.

தெருவே வந்தது. தையல்கடைக்காரர், தண்ணீர் லாரி டிரைவர், குண்டு மேஸ்திரி, அவர் சம்சாரம், இன்னும் யார் யாரோ. மேஸ்திரி ஏறியபோது வண்டி நன்றாகவே அமுங்கியது. "இப்பவாவது என் அருமை புரியுதா?" என்று அவர் சம்சாரத்தைப் பார்த்துக் கேட்டார்.

"எல்லாரும் உக்காருங்க! எட்டிப் பாத்தா தலை போயிடும்!" என்று நான் கத்தினேன். வண்டி ஊர்ந்தது. உத்தரத்தில் கொஞ்சம் சாந்து உதிர்ந்தது, அவ்வளவுதான். லாரி தெருவில் நின்றது.

டயருக்கு மறுபடி காற்றடித்து முடித்த பிறகும் ஒருவர்கூட இறங்கவில்லை. "ஏறினது ஏறியாச்சு. ஒரு ரவுண்டு போங்கண்ணே" என்றார் தையல்கடைக்காரர். நான் கேபினில் இவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பின்னால் ஒரே சிரிப்பும் கூச்சலும். கியர் மாற்றும்போது இவர் முகத்தைப் பார்த்தேன். கல்யாணத்தன்றுகூட இப்படிச் சிரித்ததில்லை இவர்.

தெருமுனையில் இடது பக்கம் திரும்பினால் நெடுஞ்சாலை. இவர் இடது கண்ணாடியைப் பார்த்தார். தலையைத் திருப்பி மறுபடி பார்த்தார். இன்ஜினை அணைத்துவிட்டார்.

"என்னங்க?"

"இந்தப் பக்கம் சரியாத் தெரியல."

"எப்பலேருந்து?"

"கொஞ்ச நாளாவே. சொன்னா நீ விட மாட்டே."

"அடப்பாவி மனுஷா!"

"வெறும் வண்டின்னா போயிருப்பேன்" என்றார் மெதுவாக. "பின்னாடி சனம் உக்காந்திருக்கு. லோடு ஏத்தின டிரைவர் அப்படிப் போகக் கூடாது."

"அப்ப நான் சனம் இல்லையா?"

இவர் கீழே இறங்கிப் பின்னால் போய்ச் சாவியைத் தண்ணீர் லாரி டிரைவரிடம் நீட்டினார். "தம்பி, நீ ஓட்டு. கிளட்ச் கொஞ்சம் முரடு, பாத்துக்க."

டிரைவர் தம்பி ஸ்டியரிங்கில் போய் உட்கார, நான் கீழே இறங்கினேன். எனக்கு யாருக்கும் நன்றி சொல்லிப் பழக்கமில்லை. அதற்கென்று ஒரு நாள் வந்துதானே தீரும்! தெருவில் நின்றபடி எல்லோரையும் பார்த்துக் கை கூப்பினேன்.

"நீங்கள்லாம் அப்பவே இறங்கிப் போயிருந்தா இந்த மனுஷன் கண்ணு தெரியாம மெயின் ரோட்டுக்குப் போயிருப்பாரு. நானும்தான் கூடப் போயிருப்பேன். எங்க ரெண்டு பேரு உயிரும் நீங்க குடுத்தது. நல்லா இருக்கணும் நீங்க எல்லாரும்."

டீச்சர் எழுந்து கை கொடுத்து இவரை மேலே ஏற்றினார். பிறகு எனக்கும் கை நீட்டினார்.

"தம்பி, நெடுஞ்சாலைக்கு விடுங்க" என்று முன்னால் பார்த்துச் சொன்னார். "அண்ணன் பார்க்கணும்."