சுனைமேல் நின்ற தோற்காளை

கீழைக் குன்றுகளின் தோளில் இளவெயில் சாய, சாமைக் கொல்லைகளின்மேல் விரிந்திருந்த பனித்திரை மெல்லக் கிழிய, புளியமரங்களில் பறவைகள் தத்தம் வழக்குகளைத் தொடங்கிய அக்காலைப் பொழுதில், சவ்வாது மலையின் எழிலை நுகர விழைந்தோர் மூக்கைப் பொத்திக்கொண்டே விழைய வேண்டியிருந்தது. ஊருக்கு மேற்புறப் பாறைமீது, பனையினும் உயர்ந்து, முகிலைக் கொம்பால் முட்டி நின்ற காளையே அதற்குக் காரணம்.

அதனைப் படைத்தவர் சென்னைச் சிற்பி கோபால்சாமி. கழித்தெறிந்த பொருள்களுக்கு மறுவாழ்வு தருவதே தம் கலையென்பார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டாம் ஆண்டின் கோடைவிழாவுக்கென அரசு அழைக்க, உடைந்த பேருந்துகளின் இரும்பால் காளைக்கு எலும்பமைத்து, வாணியம்பாடித் தோற்கூடங்கள் ஒதுக்கிய வெட்டுத்துண்டுகளால் மேனி போர்த்தினார். பதனிட்ட தோலில் உயிரில்லை என்று தள்ளி, பதனிடாத பச்சைத்தோலையே பொறுக்கியெடுத்தார். கோடைமழை பெய்தது. உயிர் வந்துவிட்டது, வெண்ணிறமாய், நெளிந்து நெளிந்து, ஆயிரக்கணக்கில் வந்தது.

பாறையடியில்தான் ஊரார் குடிக்கும் சுனை. காளையின் வயிற்றிலிருந்து கசிந்த பழுப்புநீர், பாறைவரிகளின் வழியே வழிதேடி இறங்கி, யாரும் அழைக்காமலே அதிற் கலந்தது. பார்வையிட வந்த கலைக்குழுத் தலைவர் கைக்குட்டையை மூக்கில் அழுத்தியபடி, மண்ணின் மணம் கமழ்கிறதென்று வியந்தார். கோபால்சாமிக்கு முதலில் அவர்மீதுதான் அருவருப்பு வந்தது; பின்னர் ஈக்கள்மீது, காக்கைகள்மீது, முடிவில் எத்தனை முறை கழுவியும் நாற்றம் நீங்காத தம் விரல்களின்மீதும் வந்தது. சோற்றைப் பிசைந்துவிட்டு உண்ணாமல் எழுந்தார்.

விழாவுக்கு முந்தின நாள், மகளுக்குப் பிள்ளை பிறந்திருந்த அவ்வூர்ப் பச்சையம்மா சிற்பியிடம் வந்து நின்றாள்.

"நாளைக்குக் கொயந்தைக்குத் தலைக்கு ஊத்திப் பேரு வைக்கணுங்க. எந்தச் சொனைத் தண்ணில பேரு வைக்கிறமோ, அந்த ஊருப் புள்ளைன்னுதான் பேரு. அந்தத் தோலை மட்டும் உரிச்சிப் போட்ருங்க. வெறும் இரும்பா நின்னா எங்களுக்கு இன்னா?"

மாலைக்குள் உரித்துவிடலாம் என்பது சிற்பிக்குத் தெரியும். உரித்தபின் எஞ்சுவது பழைய பேருந்தே என்பதும், அதற்கு எவரும் பொன்னாடை போர்த்தார் என்பதும் தெரியும். விழா முடியட்டும் என்றார். நீரில் தீங்கொன்றும் இல்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

அவள் சுனைக்கிறங்கி, ஒரு செம்பு நிறைய மொண்டு வந்து நீட்டினாள்.

"அப்போ நீங்க ஒரு வாய் குடிங்க. குடிச்சிட்டீங்கன்னா நான் பேசாம வூட்டுக்குப் போய்ட்றேன்."

கோபால்சாமி செம்பை வாங்கினார். உதட்டருகே கொண்டுசென்றபோது அவருடைய படைப்பின் மணம் அவரையே எதிர்கொண்டு வரவேற்றது, நீர்மேல் ஒரு மயிர் மிதந்தது. செம்பைத் திருப்பித் தந்து, தமக்குத் தொண்டை சரியில்லை என்றார்.

"கொயந்தைக்கும் தொண்டைதாங்க இருக்குது" என்று சொல்லி, நீரை அவர் காலடியில் ஊற்றிவிட்டுப் போனாள்.

மறுநாள் அமைச்சர் வந்து, காற்று எதிர்ப்புறம் வீசும் இடமாய்ப் பார்த்து நின்று, காளையைத் திறந்து வைத்தார். இவ்வுலகில் கழிவென்று ஒன்றில்லை எனச் சிற்பி உரையாற்றினார். அவையோர் கைதட்டினர், அதற்கு மூக்கிலிருந்து கையை எடுக்க வேண்டியிருந்தமையால் நெடுநேரம் தட்டவில்லை. சிற்பிக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது. மேடையிலிருந்து அவர் நோக்கியபோது, எதிர்மலைச் சரிவில் பெண்கள் சிலர் துணியில் பொதிந்த மகவை ஏந்தி, அடுத்த ஊரின் சுனையை நாடி வரிசையாய் ஏறிக்கொண்டிருந்தனர். அவர் பார்வையைத் தாழ்த்தி, ஆடையின் சரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தன்னைப் பெற்ற ஊரிலேயே விருந்தாளியாய் வளர அம்மகவுக்கு அன்று ஒரு பெயர் கிடைத்தது. காளைக்கு வேலியும் காவலும் கிடைத்தன. பேணத்தக்கது இன்னதென்று பெரியோர் முடிவுசெய்தபின், எஞ்சியவர்கள் செய்யக்கூடியது வேறு நீர் தேடி நடப்பதொன்றே. காளை அவ்வூரதாயிற்று, பிள்ளை அவ்வூரதன்று.