மைனஸ் பத்தரை

துறைமுகக் கம்பெனியின் பெண்கள் ஹேண்ட்பால் அணியில் அவளைச் 'சுவர்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறு வருடம் கோல் வலைக்கு முன்னால் நின்றவள். எதிரணிக்காரி காற்றில் எம்பி நாலு எட்டு தூரத்திலிருந்து வீசுகிற பந்தை முழங்காலால், முழங்கையால், ஒன்றிரண்டு முறை தாடையாலும் தடுத்தவள். அந்தச் சுவருக்குக் கண் சரியாகத் தெரியாது என்பது அணியில் யாருக்கும் தெரியாது என்றே அவள் நம்பியிருந்தாள்.

இரண்டு கண்ணிலும் மைனஸ் பத்தரை. காலையில் எழுந்ததும் கட்டிலுக்குக் கீழே கிடக்கும் செருப்பைக் காலால் துழாவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மைதானத்துக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே கதவைச் சாத்திக்கொண்டு காண்டாக்ட் லென்ஸை மாட்டிவிடுவாள். திரும்பி வந்துதான் கழற்றுவாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டித் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை பார்த்த அக்காவுக்கு மட்டும் இது தெரியும். அக்காவுக்கும் அதே கண். பவர் பதினொன்று.

"அப்பா சொத்துல உனக்கு அரை பவர் குறைச்சுக் குடுத்துட்டாரு, போ" என்று அக்கா கிண்டலடிப்பாள்.

ஒரு சீசனில் அடுத்தடுத்து வெளியூர் ஆட்டங்கள். பஸ்ஸில் லென்ஸோடு தூங்கி, லென்ஸோடு எழுந்து, லென்ஸோடு ஆடினாள். அரையிறுதி அன்று வலது கண் மிளகாய் பட்டது போல எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஆடி முடித்தாள். ஜெயித்தார்கள். மறுநாள் அந்தக் கண்ணைத் திறக்க முடியவில்லை.

"கண்ணுல புண்ணு வந்திருக்கு. நல்ல வேளை, ஓரத்துல வந்துச்சு. நடுவுல வந்திருந்தா பார்வை போயிருக்கும்" என்றார் கண் டாக்டர். "இனிமே காண்டாக்ட் லென்ஸைக் கையாலயும் தொடக் கூடாது. புரியுதா?"

மூன்று வாரம் மணிக்கொரு தரம் சொட்டு மருந்து. புண் ஆறியதும் அக்கா அவளுக்காக ஒரு கண்ணாடி செய்து கொடுத்தாள். பின்னால் இழுத்துக் கட்டப் பட்டை வைத்த, விளையாட்டுக்கென்றே உள்ள கண்ணாடி. எவ்வளவு மெல்லிய லென்ஸ் வாங்கினாலும் அந்தப் பவருக்கு ஓரம் தடித்துத்தான் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு முதல் நாள் பயிற்சிக்குப் போனாள். பந்து நெல்லிக்காயளவுக்குச் சிறுத்து, எங்கோ தொலைவில் வருவது போலத் தெரிந்தது. கை நீட்டுவதற்குள் வலைக்குள் இருந்தது. வரிசையாக ஐந்து பந்து.

கோச் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"என்னம்மா இது, வெல்டிங் பட்டறையிலேர்ந்து வந்த மாதிரி?"

மறைத்து மறைத்து அலுத்துப்போயிருந்தாள். பவரையும் புண்ணையும் டாக்டர் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னாள். கோச் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"கண்ணாடியோட உன்னை என்னால இறக்க முடியாது. ஆபரேஷன் ஏதோ இருக்காமே, அதைப் பண்ணிக்கிட்டு வா. எத்தனை மாசம் ஆனாலும் சரி. உன் இடம் எங்கயும் போயிடாது."

அந்தக் கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் மறுபடியும் டாக்டரிடம் போனாள்.

லேசர் செய்ய முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கருவிழியின் மேல்படலம் அவளுக்கு மெல்லிசு. இன்னொரு வழி இருந்தது. கண்ணின் ஓரத்தில் சின்னதாகக் கீறி, அதற்குள் இயற்கையாகவே இருக்கும் லென்ஸுக்கு முன்னால் மெல்லிய இன்னொரு லென்ஸைச் சுருட்டி உள்ளே விட்டு விரித்துவைப்பது. கண்ணுக்குள் போதிய இடம் இருக்கிறதா என்று இரண்டு நாள் அளந்தார்கள். இருந்தது. கண்ணில் அழுத்தம் ஏறலாம், புரை சீக்கிரம் வரலாம், தொற்று வரலாம், அபூர்வம்தான் என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார்.

அக்கா ஒரேயடியாக எதிர்த்தாள். கடையில் தேய்க்கும் மெஷினை நிறுத்திவிட்டு, கைத்துணியால் விரலைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"நாள் பூரா லென்ஸோட மல்லுக்கட்டறவ நான். ஒரு கீறல் விழுந்தா அதைக் குப்பையில போட்டுட்டு வேற எடுத்துக்குவேன். உன் கண்ணை அப்படிப் போட்டுட்டு வேற எடுக்க முடியுமாடி?"

"முடியாது."

"அப்புறம் என்ன? கண்ணாடி போட்டுக்கிட்டு ஆபீஸ்ல உட்காரு. எத்தனை பேரு உட்காரல?"

"நீ உட்கார்ந்துட்டக்கா. என்னால முடியாது."

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. மெஷினைத் திரும்பப் போட்டாள். ஆனால் ஆபரேஷன் அன்று காலை லீவு போட்டுவிட்டு முதல் ஆளாக ஆஸ்பத்திரி வாசலில் நின்றது அவள்தான்.

முதலில் வலது கண். மரத்துப்போக மருந்து விட்டு, முகத்தை மூடி, கண்ணை மட்டும் திறந்து வைத்தார்கள். மேலே ஒரு வெளிச்சம். தண்ணீருக்கு அடியில் படுத்துக்கொண்டு சூரியனைப் பார்ப்பது போல அது கலங்கியது, நெளிந்தது, ஒரு கணம் இரண்டானது. வலி இல்லை. யாரோ கண்ணுக்குள் நடமாடுகிறார்கள் என்ற உணர்வு மட்டும். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

மறுநாள் காலை கட்டைப் பிரித்தபோது எதிர்ச்சுவரில் தொங்கிய தீயணைப்பு உருளையின் மேல் ஒட்டியிருந்த பொடி எழுத்தை அவள் படித்தாள். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. கண்ணாடி இல்லாமல், லென்ஸ் மாட்டாமல்.

"என் மூஞ்சி தெரியுதா?" என்றாள் அக்கா.

"தெரியுது."

"எப்படி இருக்கு?"

"வயசாயிடுச்சுக்கா உனக்கு."

அக்கா சிரித்தாள். சிரித்துவிட்டுத் தன் கண்ணாடியைக் கழற்றி, அழுக்கே இல்லாத கண்ணாடியை வெகுநேரம் துடைத்தாள்.

இடது கண் கொஞ்சம் படுத்தியது. அழுத்தம் ஏறி, தலையைப் பிளக்கிற வலி. பத்து நாள் மாத்திரையில் அடங்கியது. விளக்குகளைச் சுற்றி வளையம் தெரிந்தது. போகப் போகப் பழகிவிடும் என்றார்கள், பழகியது. பன்னிரண்டு வாரம் முடிந்ததும் 'இனி விளையாடலாம்' என்று டாக்டர் கடிதம் எழுதிக் கொடுத்தார். அன்றைக்கே கொண்டுபோய் நீட்டினாள்.

கோச் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"நேரடியா கண்ணுல அடி படாம பாத்துக்கணும்னு போட்டிருக்கே."

"அது எல்லாருக்கும்தானே சார்?"

"எல்லாருக்கும்தான். உனக்கு மட்டும் எழுத்துல இருக்கு." கடிதத்தை மடித்து மேஜை இழுப்பறையில் வைத்தார். "கொஞ்ச நாள் வெளிய உட்காரு, பாப்போம்."

வெளியே உட்கார்ந்தாள். வலைக்கு முன்னால் இருபது வயதுப் பெண் ஒருத்தி நின்றாள். தாவிக் கம்பத்தோடு ஒட்டிக்கொள்வதைப் பார்த்து அணியில் அவளுக்குப் 'பல்லி' என்று பெயர் வைத்திருந்தார்கள். கெட்டிக்காரிதான். பந்து வரப்போகிற பக்கத்தை முன்கூட்டியே மோப்பம் பிடித்துவிடுவாள். ஆனால் தாழ வருகிற பந்துக்குக் காலை நீட்டத் தயங்குவாள். அதைச் சுவர் பெஞ்சில் உட்கார்ந்தபடி தெள்ளத்தெளிவாகப் பார்த்தாள். இப்படித் தெளிவாகப் பார்ப்பதற்குத்தானா கண்ணைக் கீறிக்கொண்டோம் என்று இருந்தது.

ஒரு மதியம் பயிற்சிக்கு முன் கை கழுவும் இடத்துக்குப் போனபோது பல்லி கண்ணாடி முன் நின்று இமையை விரலால் இழுத்துப் பிடித்திருந்தாள். விரல் நுனியில் ஒரு துளி போல லென்ஸ்.

"மைனஸ் ஆறுக்கா" என்றாள், திருடி மாட்டிக்கொண்ட குரலில். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. ப்ளீஸ்."

"குழாய்த் தண்ணியில கழுவாத. போட்டுக்கிட்டுத் தூங்காத" என்று மட்டும் சொன்னாள் சுவர்.

மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு லீக் ஆட்டத்துக்கான பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். பதினாறு பெயரில் அவள் பெயர் இல்லை. கூடவே இன்னொரு காகிதம்: இனிப் பயிற்சிக்கு விடுவதில்லை என்று, அவளை முழு நேரமும் கம்பெனியின் சரக்கு அனுப்பும் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். அதைப் படித்த இடத்திலிருந்து கால் நேராகக் கோச்சின் அறைக்குப் போனது.

"கண்ணுல லென்ஸ்னு என்னை உட்கார வச்சீங்களே சார். பல்லியும் லென்ஸ் போட்டுக்கிட்டுத்தான் நிக்கறா. மைனஸ் ஆறு."

சொன்ன மாத்திரத்தில் வாய் கசந்தது. கோச் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தெரியும்."

"தெரியுமா?"

"அவ எங்கிட்ட எதுவும் சொல்லல. காகிதம் எதுவும் குடுக்கல. அதனால எனக்குத் தெரியாது. நாளைக்கு அவ கண்ணுக்கு ஏதாச்சும் ஆனா, மறைச்சுட்டான்னு முடிஞ்சுபோகும். உனக்கு ஆனா? டாக்டர் கடிதத்தைப் பாத்துட்டும் இறக்கினியான்னு கம்பெனி என் சட்டையைப் பிடிக்கும்."

அவள் கதவுப் பக்கம் திரும்பினாள்.

"நீயும் ஆறு வருஷம் மறைச்சுத்தான நின்ன?" என்றார் அவர், கிட்டத்தட்ட அன்பாக. "எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? வாயைத் திறக்காம இருந்திருந்தா இன்னிக்கும் நீதான் சுவரு."

லீக் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை. போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போனாள். மேல்வரிசையில் அக்காவோடு உட்கார்ந்தாள். அங்கிருந்தே பல்லியின் இடது கண் சிவந்திருப்பது தெரிந்தது. அவள் ஓயாமல் இமைத்தாள், புறங்கையால் தேய்த்தாள், தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். அந்தச் சாய்வு சுவருக்குத் தெரிந்த சாய்வு. இடைவேளைக்கு விசில் ஊதியதும் படி இறங்கி ஓடினாள். கை கழுவும் இடத்தில் பல்லியைப் பிடித்தாள்.

"கழட்டு."

"முடிஞ்சதும் கழட்டறேன்க்கா."

"இப்பவே கழட்டிட்டு டாக்டர்கிட்ட வா. எனக்கு இது ஓரத்துல வந்துச்சு. உனக்கு எங்க வரும்னு யாருக்குத் தெரியும்?"

பல்லி கழற்றினாள். லென்ஸ் உள்ளங்கையில் இருந்தது. வெளியே பெயர் சொல்லி யாரோ கூப்பிட்டார்கள். அவள் சுவரின் முகத்தை ஒரு கணம் பார்த்தாள்.

"உங்களுக்கு என் இடம் வேணும்" என்றாள்.

லென்ஸைத் திரும்ப மாட்டிக்கொண்டு ஓடிவிட்டாள். அணி இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தது.

மூன்றாம் நாள் பல்லி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். புண் நடுவில். தழும்பு நிற்கும், அந்தக் கண்ணில் பார்வை பாதிதான் திரும்பும் என்றார் டாக்டர். கம்பெனியிலிருந்து யாரும் வரவில்லை. லென்ஸ் போடுவதை மறைத்ததற்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் மட்டும் வந்திருந்தது. வலைக்கு முன்னால் மூன்றாவதாக ஒருத்தியை நிறுத்திவிட்டார்கள்.

சுவர் வேலை முடிந்ததும் தினமும் போனாள். மணிக்கொரு தரம் சொட்டு மருந்து விட ஆள் வேண்டியிருந்தது.

"அன்னிக்கு உங்களைத் தப்பாப் பேசிட்டேன்க்கா" என்றாள் பல்லி, கட்டுப் போட்ட கண்ணோடு. "யாரோ கோச்கிட்ட என்னைப் பத்திச் சொல்லியிருக்காங்க. இப்ப எல்லாரும் சொல்றாங்க. நீங்க இல்லையே?"

"இல்ல" என்றாள் சுவர்.

பல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சுவர் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு, கட்டை விலக்கி, மருந்துக் குப்பியின் மூடியைத் திருகினாள்.

"மேல பாரு" என்றாள். "மூடாத."