பிளைத்தில் நிரப்பிய பெட்ரோல்

செவிலியர் சங்கத்திலிருந்து வந்த நான்கு பேரும் அரிசோனாவுக்குள் ஒரு காசுகூடச் செலவழிப்பதில்லை என்று சத்தியம் செய்துகொண்டு வந்திருந்தார்கள். கலிபோர்னியா எல்லையில் இருக்கும் பிளைத் ஊரில் வேனுக்கு வழிய வழியப் பெட்ரோல் போட்டுக்கொண்டார்கள். ரொட்டி, ஆப்பிள், தண்ணீர், கை துடைக்கும் காகிதம் வரைக்கும் அங்கேயே வாங்கி ஐஸ் பெட்டியோடு ஏற்றிக்கொண்டார்கள். ஃபீனிக்ஸ் நகரத்துத் தேவாலயக் கூடத்தின் வாசலில் அதையெல்லாம் இறக்கியபோது ஒஃபேலியாவுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஃபீனிக்ஸுக்கு வருகிறார்களா, நிலாவுக்குப் போகிறார்களா?

இரண்டு மாதமாக ஊரே இந்தப் பேச்சாகத்தான் கிடந்தது. போலீஸ்காரர் யாரையாவது நிறுத்தினால், சந்தேகம் வந்தால் குடியேற்றக் காகிதத்தைக் கேட்டாக வேண்டும் என்று மாநிலத்தில் சட்டம் போட்டுவிட்டார்கள். ஜூலை கடைசியில் அது நடப்புக்கு வரும். சட்டத்தைத் திரும்பப் பெறும்வரை அரிசோனாவில் கால் வைக்க மாட்டோம், எதையும் வாங்க மாட்டோம் என்று வெளியூர்க்காரர்கள் புறக்கணிப்பு அறிவித்தார்கள். தொலைக்காட்சியில் ஒருவர் சட்டத்துக்காகக் கத்தினார், இன்னொருவர் புறக்கணிப்புக்காகக் கத்தினார், இடையில் கார் விளம்பரம் வந்தது. ஒஃபேலியா சத்தத்தைக் குறைத்துவிட்டுத் துணி மடித்தாள்.

அவள் வேலை பார்த்த ஓட்டலில் ஏற்கெனவே மூன்று மாநாடுகள் ரத்தாகிவிட்டன. மிச்சமிருந்த பெரியது இந்தச் செவிலியர் மாநாடு ஒன்றுதான்: ஆகஸ்ட் மாதம், நான்கு நாள், ஆயிரத்து இருநூறு பேர். விருந்துக் கூடத்தில் பத்தொன்பது வருடமாகப் பரிமாறுகிறவள் ஒஃபேலியா. மாதத்துக்கு எண்பது மணி நேரம் வேலை இருந்தால்தான் மருத்துவக் காப்பீடு நிற்கும். செப்டம்பரில் அவள் கணவன் ரொசெந்தோவுக்கு இதய வால்வு மாற்றும் அறுவைக்கு நாள் குறித்திருந்தார்கள். மாநாடு வந்தால் மணி நேரம் தேறும். வராவிட்டால் தேறாது. இதற்கு மேல் அவளுக்கு அரசியல் தெரிய வேண்டியிருக்கவில்லை.

சங்கத்தின் ஏழு பேர் செயற்குழு வெள்ளிக்கிழமை ஓட்டெடுப்பு வைத்திருந்தது. அதற்கு முன்னால் ஓட்டல் தொழிலாளர்களிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றுதான் இந்த நான்கு பேரை அனுப்பியிருந்தார்கள். குழுவின் தலைவி லொரெட்டா பெட்டிக்ரூ, ஓக்லாந்து ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்து வருடம் இரவுப் பணி பார்த்த கறுப்பினப் பெண்மணி. முழங்கால் வலியோடு மெல்ல நடந்தாள், ஆனால் பார்வை கூர்மையாக இருந்தது.

ஒஃபேலியா விடியற்காலையில் எழுந்து, மெல்லிய கோதுமை ரொட்டிக்குள் உப்புக்கண்டத்தை வதக்கி வைத்துச் சுருட்டி, ஒரு கூடை நிறையக் கொண்டுவந்திருந்தாள். மெக்சிகோவின் சொனோராக்காரி வீட்டுக்கு வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்ப மாட்டாள், புறக்கணிப்பு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. கூடையைப் பார்த்ததும் இளைஞர்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மாவு இந்த மாநிலத்து மாவாயிற்றே. லொரெட்டாதான் கையை நீட்டி எடுத்தாள். காசு கொடுத்தால்தானே பாவம் என்று சொல்லிவிட்டு இரண்டு சாப்பிட்டாள்.

பிறகு பேச்சு. முதலில் எழுந்தது ஃபெர்மின். ஓட்டலில் பன்னிரண்டு வருடமாகத் தட்டுக் கழுவுகிறவன், விடுமுறை நாளில் வீடு வீடாகப் போய்ப் புல் வெட்டுகிறவன். ஒஃபேலியாவின் மகனுக்கு ஞானத்தகப்பன். அந்த உறவினால் அவன் அவளைக் கொமாத்ரே என்பான், அவள் அவனைக் கொம்பாத்ரே என்பாள். அவனிடம் காகிதம் கிடையாது. கூடத்தில் பாதிப் பேருக்கு அது தெரியும், மறு பாதி கேட்காது. வைக்கோல் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான். அதில் அவன் மகள் சொருகிவிட்ட நீலத் துணிப் பூ ஒன்று இருந்தது.

"வராதீங்க," என்றான். "மாநாடு வரலைன்னா மொதல்ல போறது என் வேலைதான். பட்டியல்ல கடைசிப் பேரு என்னுது. ஆனா ஆகஸ்டுல நீங்க வந்து தின்னுட்டு, கைதட்டிட்டுப் போனா, இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு ஆயிரும். நல்லா இல்லைங்க."

கூடத்தில் பலமாகக் கைதட்டினார்கள். ஒஃபேலியாவுக்குக் காது சுட்டது. இழக்கப் போகிறவனே இப்படிப் பேசிவிட்ட பிறகு, குடியுரிமைக் காகிதத்தைப் பீரோவில் வைத்திருக்கிற அவள் எழுந்து என்ன சொல்வது? இருந்தாலும் எழுந்தாள். தானும் அந்தச் சட்டத்துக்கு எதிரிதான் என்றாள். சட்டம் போட்டவர்கள் யாரும் ஓட்டலில் தட்டுக் கழுவுவதில்லை, மாநாடு நின்றால் அவர்கள் ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்கப் போவதில்லை, அடி விழுவது இந்தக் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் மேல்தான் என்றாள்.

லொரெட்டா பொறுமையாகக் கேட்டாள். அலபாமாவில் கறுப்பின மக்கள் பேருந்தைப் புறக்கணித்தபோது தன் அம்மா ஒரு வருடத்துக்கும் மேலாகப் பேருந்தில் ஏறாமல் வேலைக்கு நடந்தே போனதைச் சொன்னாள். செருப்புக்குள் அட்டையை வெட்டி வைத்து நடந்தாளாம்.

"உங்கம்மா தானே முடிவு பண்ணித் தானே நடந்தாங்க," என்றாள் ஒஃபேலியா. "இங்க நீங்க முடிவு பண்ணிட்டு எங்கள நடக்கச் சொல்றீங்க."

"அதனாலதாம்மா கேட்க வந்தோம்," என்றாள் லொரெட்டா.

ரொசெந்தோவின் வால்வைப் பற்றி அப்போதே ஒஃபேலியா சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. நாற்பது பேர் முன்னால் கணவனின் நெஞ்சைத் திறந்து காட்டிப் பிச்சை கேட்பதா என்று ரோஷம் வந்து உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த ரோஷத்தைத் திட்டிக்கொண்டே போனாள்.

ஐந்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. லொரெட்டாதான். மேற்கே போகும் நெடுஞ்சாலையில், ஐம்பது மைலுக்கு அப்பால் வேன் நின்றுவிட்டது. கூட்டம் நடந்த மூன்று மணி நேரமும், நால்வரோடு கூட வந்திருந்த வேன் ஓட்டுநர் வெயிலுக்குப் பயந்து வண்டியை அணைக்காமல் குளிர்காற்று போட்டுக்கொண்டு உள்ளேயே தூங்கியிருக்கிறார். வழியில் பெட்ரோல் நிலையங்களைப் பார்த்துப் பார்த்துக் கடந்திருக்கிறார்கள். பிளைத் வரைக்கும் எப்படியாவது தாங்கிவிடும் என்று நினைப்பு. சத்தியம் தாங்கியது, பெட்ரோல் தாங்கவில்லை. இழுவை வண்டி வர மூன்று மணி நேரம் ஆகுமாம், ஓட்டுநருக்குத் தலை சுற்றுகிறதாம். கூடத்தில் வருகைத் தாளில் எழுதியிருந்த எண்களில் இவளுடையதுதான் முதலில் கிடைத்ததாம். வெளியே நூற்றுப் பதிமூன்று டிகிரி.

வீட்டுக் கார் பட்டறையில் கிடந்தது. புல்வெட்டும் எந்திரத்துக்காக எப்போதும் இரண்டு கேன் பெட்ரோல் வைத்திருப்பவன் ஃபெர்மின் ஒருவன்தான். கூப்பிட்டதும் அவன் பழைய பிக்கப் வண்டியோடு வந்து நின்றான். தானே போய்வருவதாகச் சொன்னான்.

"நீங்க போகக் கூடாது," என்றாள் ஒஃபேலியா. "நான் ஓட்டுறேன்."

"இந்த வண்டியோட மூணாவது கியர் உங்களுக்கு விழாது, கொமாத்ரே. பக்கத்துல உக்காந்து சொல்றேன்."

நாற்காலியிலிருந்து எழ முயன்ற ரொசெந்தோவை அவள் ஒரு பார்வையில் உட்கார வைத்தாள். "கிழவி, அவங்கள பார்த்தா வால்வு விஷயத்தைச் சொல்லு," என்றான் அவன். கல்யாணமான மறுநாளிலிருந்து கிழவி என்றுதான் கூப்பிடுகிறான். "வெக்கப்படாத. நெஞ்சு என்னுது, நானே சொல்லச் சொல்றேன்."

போகும் வழியில் அவள் அந்த வாக்கியத்தை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனாள். செப்டம்பர், வால்வு, எண்பது மணி நேரம். மூன்று சொல் போதும். இந்த வெயிலில் பெட்ரோல் கொண்டுபோய்க் கொடுப்பவள் கேட்டால் மறுக்க முடியுமா? கணக்குப் போட்டு உதவுகிறோமே என்று கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. கூச்சப்பட்டுக் கூச்சப்பட்டே அவளுக்கு அலுத்துப் போயிருந்தது. மூன்றாவது கியர் ஒவ்வொரு முறையும் அலறியது. ஃபெர்மின் கையால் ஜாடை காட்டிக்கொண்டு வந்தான்.

நாற்பத்தொன்பதாவது மைலில், நேரே கிடந்த சாலையின் கோடியில் சிவப்பும் நீலமுமாக விளக்குச் சுழன்றது. வேனுக்குப் பின்னால் ரோந்துக் கார்.

முன்னால் ஒரு மேம்பாலம் இருந்தது. அவள் யோசிக்கவே இல்லை. கை தானாக வளைத்தது, கிளைப் பாதையில் இறங்கிப் பாலத்தடி நிழலில் வண்டியை நிறுத்தினாள்.

"இறங்குங்க," என்றாள்.

ஃபெர்மின் தண்ணீர்ப் புட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினான். காங்கிரீட் தூண் ஓரமாகப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். பழகிய இடத்தில் உட்காருவது மாதிரி உட்கார்ந்தான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ரோந்துக்காரர் நல்ல மனிதராகத்தான் இருந்தார். இளைஞர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, ஓட்டுநரைத் தன் காரின் குளிரில் உட்கார வைத்திருந்தார். பெட்ரோலை வேனில் ஊற்ற அவரே கேனைப் பிடித்துக்கொண்டார். வண்டி யாருடையது என்று பேச்சுவாக்கில் கேட்டார். குடும்பத்து வண்டி என்றாள். தனியாகவா இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்றார். தனியாகத்தான் என்றாள். அவர் தலையாட்டிவிட்டு மறுபடி கேனைப் பார்த்தார்.

லொரெட்டா முழங்காலைப் பிடித்துக்கொண்டு பிக்கப் பக்கம் வந்தாள். நன்றி சொல்ல வாயெடுத்தவள் நிறுத்தினாள். ஜன்னல் வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து இருக்கையில் நீலப் பூ வைத்த வைக்கோல் தொப்பி கிடந்தது.

கூட்டத்தில் அதை நெஞ்சோடு பிடித்தபடி நின்றவனை அவளுக்கு மறந்திருக்காது. தொப்பியைப் பார்த்தாள், ரோந்துக்காரரின் முதுகைப் பார்த்தாள், பிறகு வந்த வழியில் தெரிந்த பாலத்தைப் பார்த்தாள். வேனுக்குப் போய் ஐஸ் பெட்டியை அப்படியே தூக்கிவந்து, தொப்பியை ஓரமாக நகர்த்திவிட்டு, இருக்கையில் வைத்தாள்.

"கழுத்துக்கும் அக்குளுக்கும் ஐஸை வைக்கச் சொல்லுங்க," என்றாள் தாழ்ந்த குரலில். "தண்ணிய மடமடன்னு குடிக்க விடாதீங்க." பிறகு ஒஃபேலியாவின் கையைப் பிடித்தாள். "வெள்ளிக்கிழமை ஓட்டு என் கையிலதான் தொங்குது. மூணுக்கு மூணு. கூடத்துல நீங்க எதையோ முழுங்கிட்டீங்கன்னு பார்த்தேன். இப்ப சொல்லுங்கம்மா, நீங்க சொல்றபடி போடுறேன்."

செப்டம்பர், வால்வு, எண்பது மணி நேரம். எல்லாம் வரிசையாக நாக்கில் இருந்தது. ஒஃபேலியா வாயைத் திறந்தாள். கண்ணுக்குள் தூண் ஓரத்தில் குத்துக்காலிட்டவன் இருந்தான். சட்டம் இன்னும் நடப்புக்கே வரவில்லை. இந்த நல்ல ரோந்துக்காரர் யாரிடமும் ஒரு காகிதமும் கேட்கவில்லை. அவனை வண்டியிலிருந்து இறக்கியவள் அவள்தான்.

"வராதீங்க," என்றாள்.

லொரெட்டா அவள் முகத்தையே பார்த்தாள். முப்பத்தைந்து வருடம் நோயாளிகளைப் பார்த்த பார்வை அது. "வேற ஒண்ணும் சொல்லணுமா?"

"இல்லை," என்றாள் ஒஃபேலியா.

அடுத்த திருப்பம் எட்டு மைல் தள்ளி இருந்தது. போய்ச் சுற்றித் திரும்பிப் பாலத்தடிக்கு வருவதற்குள் அரை மணி ஆகிவிட்டது. ஃபெர்மின் முகம் செங்கல்லாகச் சிவந்திருந்தது, புட்டி காலியாகக் கிடந்தது. அவன் கழுத்தில் ஐஸைத் துணியில் சுற்றி வைத்தாள். என்ன ஆயிற்று என்று கேட்டான். சொன்னாள்.

அவனுக்குக் கோபம் வந்தது. கொமாத்ரேயிடம் குரல் உயர்த்தாதவன் அன்றைக்கு உயர்த்தினான். "யார் உங்கள அப்படிச் சொல்லச் சொன்னா? ரொசெந்தோ என்ன ஆவாரு?"

"நீங்களும் அதைத்தானே சொன்னீங்க, கொம்பாத்ரே."

"நான் சொல்லலாம். என் வீட்டுல யாருக்கும் நெஞ்சு கெட்டுப் போகலை." பிறகு குரல் இறங்கிப்போனது. "சரி. நானே ரொசெந்தோகிட்ட சொல்றேன்."

"வேண்டாம். நான் சொன்னதை நான்தான் சொல்லணும்."

வண்டியைக் கிளப்பினாள். எப்படிச் சொல்வது என்று ஐம்பது மைலும் யோசித்தாள், ஒன்றும் பிடிபடவில்லை. ஊர் விளக்குகள் தெரிந்தபோது, யாரும் சொல்லாமலே ஃபெர்மின் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலுக்குக் கீழே தலை இறங்கும்வரை இருக்கையில் சரிந்தான்.

"நிமிர்ந்து உக்காருங்க, கொம்பாத்ரே," என்றாள்.

அவன் நிமிரவில்லை. சரிந்தபடியே கையை நீட்டி அவளுக்காக மூன்றாவது கியரைப் போட்டுக் கொடுத்தான்.